ஒட்டுக்கேட்பான்

இரண்டாவது வெடி கேட்டதும் எட்டுப் பெண்களும் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பினார்கள். முதல் வெடி கிளம்பச் சொல்வது, இரண்டாவது வெடி திரும்பி வரச் சொல்வது. யாரோ முந்திவிட்டாள் என்று அர்த்தம். எந்தப் புண்ணியவதி என்று பேச்சியம்மாளும் மற்றவர்களைப் போலத்தான் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்த்தால், மஞ்சள் விளக்கு அவளுடைய மூன்றாம் பாதையில் எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டுப் பேரில் கடைசியாக, காலை ஊன்றும் தொடக்கக் கட்டையை உதைத்துக் கிளம்பியவள் அவள்தான். உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதி நடந்த நைரோபி மைதானத்தின் பெரிய திரையில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், உலகமே பார்த்தது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவளைப் பிடித்து, நீ எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டுவிட்டாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதிகாரி மஞ்சள் அட்டையை நீட்டினார். அவள் தன் காலைக் காட்டி என்ன என்று கேட்டாள். அவர் அவளுடைய நெற்றியைக் காட்டினார்.

நெற்றியில் இருந்தது ஒரு பட்டை, ரிப்பன் அகலம்தான் இருக்கும். முன்பெல்லாம் காலைத்தான் பார்த்தார்கள். வெடித்துப் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கால் கட்டையை அழுத்தினால் குற்றம், அதைவிடச் சீக்கிரமாகக் காதிலிருந்து காலுக்குச் சேதி போகாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பிறகு அதைவிடச் சீக்கிரமாகக் கிளம்புகிறவர்களும் பிறந்து வந்துவிட்டார்கள். சண்டை, வழக்கு, மைதானத்தில் உட்கார்ந்து அழுகை எல்லாம் நடந்து, கடைசியில் காலை விட்டுவிட்டு மனசைப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். தயாராகச் சொல்லும் ‘செட்’ என்ற சொல்லுக்கும் வெடிக்கும் நடுவே ‘போகிறேன்’ என்ற முடிவு மனசுக்குள் பிறந்தால் பட்டை பிடித்துவிடும். கால் அசையவே வேண்டாம். அதற்கு முழ நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. இந்திய அணிப் பெண்கள் ஒட்டுக்கேட்பான் என்றார்கள்.

ஒரு மஞ்சளுக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் அந்தச் சாம்பியன்ஷிப் முடியும்வரை அது கூடவே வரும். இன்னொரு தடவை பட்டை பிடித்தால் சிவப்பு. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மறு ஓட்டத்தில் பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன நினைத்தோம் என்றே தெரியாத குற்றத்தை மறுபடி நினைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், மரம்போலக் குனிந்து நின்று கிளம்பினாள். நாலாவதாக வந்தாள். நேரக் கணக்கில், ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி வித்தியாசத்தில், எட்டாவது ஆளாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. இது மூன்றாவது உலகப் போட்டி. நூறு மீட்டர் இறுதியில் நிற்பது இதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும்கூட. அதற்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

பயிற்சியாளர் ரோஸ்லின் அவளைவிட ஏழு வயதுதான் மூத்தவள். திருச்சிக்காரி, ஒரு காலத்தில் இருநூறு மீட்டரில் கூடவே ஓடியவள். கோபம் வந்தால் நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். பேச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொழில்நுட்ப அறைக்குள் புகுந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள்.

“அது என்னத்தக் கேட்டுச்சுன்னு மொதல்ல காட்டச் சொல்லுக்கா” என்று பேச்சி முணுமுணுத்தாள்.

“காட்டுறன் தங்கச்சி. முதல்ல இருங்கோ” என்றாள் அந்த அதிகாரி.

தமிழைக் கேட்டு இரண்டு பேரும் அவளை உற்றுப் பார்த்தார்கள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் தர்ஷிகா என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பட்டையைச் செய்த கூட்டத்தில் நாலு வருஷமாக வேலை. திரையில், பட்டை பதிந்த ஒரு கோட்டைக் காட்டினாள். சமமாகப் போன கோடு, ‘செட்’டுக்குப் பிறகு முக்கால் நொடியில் மேடாக எழும்பியிருந்தது.

“இது போற எண்ணம். சந்தேகமே இல்லை. முதல் சுற்றில மெஷின்ட காதைக் கொஞ்சம் மந்தமா வச்சிருப்பம், அதால தப்பீட்டீங்கள். அரையிறுதியில இருந்து கூர்மை. நீங்கள் பட்டை கட்டி அரையிறுதி ஓடினது இதுதான் முதல் தரம்.”

“நான் அப்படி நெனைக்கவே இல்ல.”

“அப்ப என்ன நினைச்சனீங்கள்?”

பேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம் அது. கூடவே இருக்கும் ரோஸ்லினுக்கே தெரியாது.

“எங்கம்மாட்ட சொல்லிக்கிட்டேன்.”

“என்னெண்டு?”

“போயிட்டு வாரேன்னு.”

பேச்சியின் அப்பா லாரி ஓட்டியவர். சங்கரன்கோவிலில், அவளுக்கு எட்டு வயதில், ஒரு மத்தியானம் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு “நான் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய ஒரே வாக்கு அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எதிர்க் கடைக்குப் போனாலும் “போறேன்” என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள், சரியாகச் சொன்ன பிறகுதான் வழி விடுவாள். ஓடுவதும் ஒரு போக்குத்தானே? பதின்மூன்று வயதில் முதல் பந்தயத்தில் குனிந்தபோது தானாக வந்தது அந்தச் சொல். அதற்குப் பிறகு அது இல்லாமல் அவள் கிளம்பியதே இல்லை.

தர்ஷிகா பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“நாலாயிரம் ஓட்டக்காரரை வச்சுத்தான் இதுக்குப் பழக்கினது. போறதெண்டா அவையளுக்குப் போறதுதான். திரும்பி வாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டு வெளிக்கிடுற ஆக்கள் அதில ஒருத்தரும் இல்லை. நானும்தான் ஒவ்வொரு நாளும் வீட்டில ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லிப்போட்டு இந்த மெஷினிட்ட வாறன். எனக்கே உறைக்கேல்லை பாருங்கோ.”

“அப்ப அட்டையத் திரும்ப எடுங்க” என்றாள் ரோஸ்லின்.

“ஏலாது. விதியில மொழிக்கு இடமில்லை. ஆனா அட்டை வாங்கினவைக்கு அரை மணித்தியாலம் பயிற்சி அறை தரலாம். அங்க பழகிப் பாருங்கோ.”

பயிற்சி அறையில் ஒரு ஜோடிக் கட்டை, ஒரு பட்டை, வெடிச்சத்தத்துக்கு ஒரு ஒலிபெருக்கி. ஒன்றுமே நினைக்காதே என்று ரோஸ்லின் சொன்னாள். ஒன்றுமே நினைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று தடவையும் ‘போயிட்டு வாரேன்’ தானாகவே எழும்பியது, மூன்று தடவையும் விளக்கு எரிந்தது. வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். ஈரெட்டு பதினாறில் வெடி கேட்டது, மூவெட்டு இருபத்துநாலில்தான் கால் நகர்ந்தது. ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாம எல்லாரும் ‘போ’வ சேர்த்தா சொல்றோம்?” என்றாள் திடீரென்று. “கிளம்பும்போது ‘அப்ப வரட்டுமா’ன்னுதானே கேக்கறோம். வெறும் ‘வாரேன்’ மட்டும் சொல்லேன்டி.”

பேச்சி குனிந்தாள். இடுப்பைத் தூக்கினாள். வாரேன்மா. வெடி. கட்டையை உதைத்து நாலு அடி பாய்ந்து எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த மெத்தையில் மோதி நின்று திரும்பிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ஆனால் தர்ஷிகாவின் முகம் வெளுத்திருந்தது. வெடித்து எத்தனை நொடியில் கிளம்பினாள் என்று காட்டும் திரையில் 0.062 என்று இருந்தது.

“இன்னொருக்காச் செய்யுங்கோ.”

0.058.

அவளுடைய வாழ்நாளில் மிக நல்ல கிளம்பல் 0.121. அவளுக்கும் ரோஸ்லினுக்கும் அது மனப்பாடம்.

“வெடியைக் கேட்டு முடிவெடுத்தா இது நடக்காது” என்றாள் தர்ஷிகா மெதுவாக. “முடிவு முந்தியே எடுத்தாச்சு. நாணை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள், வெடி விரலை மட்டும் விடுவிக்குது. இதைப் பிடிக்கத்தான் பட்டையே செய்தது. பிடிக்கேல்லை.”

“ஏன் பிடிக்கல?”

“அதின்ட கணக்கில நீங்கள் போகேல்லை. வந்துகொண்டிருக்கிறீங்கள்.”

ரோஸ்லின் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். நூறில் ஆறு பங்கு நொடி என்றால் அறுபது சென்டிமீட்டருக்கும் மேலே. எட்டாவதாக நுழைந்தவள் முதலாவதாக முடிக்கலாம். எந்த ரசாயனமும் இல்லை, ஊசியும் இல்லை, ஒரு சொல்தான்.

“விதியில இதுக்குத் தடை இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லை. போட்டி முடிஞ்ச பிறகுதான் நான் அறிக்கை எழுதுவன். இண்டைக்கு ஒரு தடையும் இல்லை.” தர்ஷிகா திரையை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“அக்கா, இது களவு” என்றாள் பேச்சி.

“எதுடி களவு? கடைசியாக் கிளம்பினவளுக்கு அட்டை குடுத்தானுங்களே, அதுக்கு என்ன பேரு? நம்ம பேச்சு அவங்க மெஷினுக்குப் புரியலேன்னா தண்டனை நமக்கு. அதே பேச்சு புரியாம நமக்கு ஒரு லாபம் வந்தா மட்டும் நியாயம் பாக்கணுமா? பதினாறு வருஷம் ஓடியிருக்க. இடுப்பு ஜவ்வு ரெண்டு தடவை கிழிஞ்சிருக்கு. சாமி கையில குடுத்ததை வேண்டாம்னு தள்ளாத.”

அதில் எந்த வரி தப்பு என்று பேச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பதை அந்த அரை நிமிஷத்துக்குள் நாலு தடவை பார்த்துவிட்டாள். சரிக்கா என்றாள்.

இறுதிப் போட்டிக்கு முன்னால் எட்டுப் பேரையும் ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். பேச்சிக்கு எட்டாம் பாதை. ஐந்தாம் பாதைக்காரி கானா நாட்டு அக்கோசுவா, இந்த வருஷம் யாரிடமும் தோற்காதவள். ஆறடி உயரம், கோழிக்குஞ்சு மாதிரி மெல்லிய குரல். அவளாகவே பேச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம், அதனால் நன்றாகவே புரிந்தது.

“உன்னிடம் என்னத்தைப் பிடித்தது?” என்று கேட்டாள்.

“அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவேன். அதை.”

அக்கோசுவா தலையை ஆட்டினாள். “என்னிடம் என் தம்பியைப் பிடித்தது. சின்ன வயதில் அவன்தான் என்னைத் துரத்துவான், அப்படித்தான் ஓடப் பழகினேன். அவன் இப்போது இல்லை. ‘செட்’ என்றதும் பின்னால் அவன் வருவதாக நினைத்துக்கொள்வேன். அவன் வந்தால் நான் ஓடத்தானே வேண்டும்? மெஷினுக்கு அது போதும். ஐரோப்பாவில் இரண்டு தடவை சிவப்பு. பிறகு ஒரு மருத்துவர் ஆறு மாதம் என்னைப் பழக்கினார், அவன் வராதபடிக்கு.”

“இப்போது வருவதில்லையா?”

“தொடக்கக் கோட்டில் வருவதில்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “இப்போதெல்லாம் வீட்டிலும் வருவதில்லை.”

அதைச் சொல்லிவிட்டு அவள் காலணி நாடாவைக் குனிந்து சரிபார்த்தாள். பேச்சி அவளுடைய குனிந்த முதுகைப் பார்த்தாள். இவள் செத்துப்போன தம்பியைக் கொடுத்துவிட்டு அந்தக் கோட்டில் நிற்கிறாள். நான் என் அம்மாவைத் திருட்டுச் சாவியாக இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கப் போகிறேனா? இதை ரோஸ்லினிடம் சொன்னால் அவள் ஆயிரம் நியாயம் சொல்வாள், அத்தனையும் சரியாகவும் இருக்கும். நல்லவேளை, ரோஸ்லின் அங்கே இல்லை.

பிற்பகல் நாலரை. எண்பதாயிரம் பேர். எட்டாம் பாதை பார்வையாளர்களுக்குப் பக்கம், அவர்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. பேச்சி கட்டையில் கால் வைத்தாள். பயம்தான், ஆனால் கூடவே ஒரு தாங்க முடியாத சந்தோஷமும் இருந்தது. உலகத்திலேயே வேகமான எட்டுப் பெண்களில் ஒருத்தி, சங்கரன்கோவில் தறி ஓட்டுகிறவள் மகள், இதோ குனிந்திருக்கிறாள்.

செட்.

இடுப்பைத் தூக்கினாள். ‘வாரேன்’ நாக்கின் அடியில் வந்து நின்றது. பாவம், பதினாறு வருஷப் பழக்கம், அது வேறு எங்கே போகும்? அவள் அதை மேலே வர விடவில்லை. அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் யாருமே இல்லாத வீட்டிலிருந்து புறப்படுவதுபோல, யாரிடமும் எதுவும் சொல்லாமல், எதிரே இருந்த சிவப்புத் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை நொடி. அவள் வாழ்க்கையிலேயே நீளமான ஒன்றரை நொடி அது.

வெடித்தது.

கடைசியாகக் கிளம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. தலையைத் தாழ்த்தி, தரையைப் பின்னால் தள்ளித் தள்ளி, பத்து, இருபது. முப்பதில் நிமிர்ந்தபோது இடது பக்கம் ஐந்து முதுகுகள் முன்னால் இருந்தன. நாற்பதில் நாலு. இரண்டாவது வெடிக்காக ஒரு காது இன்னும் காத்துக்கொண்டிருந்தது, அது வரவில்லை. வரவில்லை என்றால் ஓட்டம் செல்லும். ஓடுடி பேச்சி! அறுபதில் இரண்டு முதுகுகள்தான். இரண்டு தடவை கிழிந்த இடுப்பு ஒரு முனகல்கூட இல்லாமல் உழைத்தது. எழுபத்தைந்தில் அமெரிக்காக்காரி பின்னால் போனாள். அக்கோசுவா மட்டும் இருந்தாள், அரை உடம்பு முன்னால், பிறகு தோள், பிறகு மார்பு. இன்னும் மூன்று மீட்டர் இருந்திருந்தால் போதும். இல்லை. பேச்சி நெஞ்சைத் தூக்கி எறிந்தாள்.

திரையில் எண்கள் வர ஒரு யுகம் ஆனது. அக்கோசுவா 10.52. பேச்சியம்மாள் 10.54.

வெள்ளி! பேச்சி தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கோசுவா வந்து அவளை அலாக்காகத் தூக்கி நிறுத்தினாள், கொடியைத் தோளில் போட்டுவிட்டாள், இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் ரோஸ்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

“சொல்லலைல்ல நீ? 0.119. பாத்தேன். நூத்துல ரெண்டே ரெண்டு பங்குடி பாவி, கையில இருந்துச்சு!”

“தெரியும்க்கா.”

“தெரியும்க்காவாம்” என்று அவளைக் கட்டிக்கொண்டாள் ரோஸ்லின்.

தர்ஷிகாவும் வந்தாள். பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, “கோடு தட்டையா இருந்தது. ஒரு மேடும் இல்லை” என்றாள். “இரவைக்கு அறிக்கை எழுதப் போறன். அந்தச் சொல்லை எழுதத்தான் வேணும். குறை நினைக்காதேங்கோ.”

“எழுதுங்கக்கா. ஆனா மொதல்ல அக்கோசுவாவோட தம்பியப் பத்தி எழுதுங்க. மத்தது பெறவு.”

அப்போதுதான் ரோஸ்லினின் போன் அடித்தது. அம்மா. பின்னால் தெருவே கத்திக்கொண்டிருந்தது.

“ஏட்டி, முந்துன ஓட்டத்துல எதுக்கு ஒனக்கு மஞ்ச அட்டையக் காட்டுனானுவ? நீ கடைசியாத்தான கெளம்புன, நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோம்லா?”

“மனசுக்குள்ள பேசுனேன்னு குடுத்துட்டாங்கம்மா.”

“மனசுக்குள்ள பேசுனா அவனுக்கு என்ன? யார்ட்ட பேசுன?”

“ஒங்கிட்டதான்.” அதுவரை தாங்கியிருந்தது அங்கே உடைந்தது. “ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்ட போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தாம்மா கெளம்புவேன். அதச் சொன்னா சிவப்பு அட்டை. அதனால இன்னைக்குச் சொல்லல. அப்பா மாதிரி, வாரேன்னு சொல்லாமலே போயிட்டேன்.”

போனில் தெருவின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அம்மா எங்கோ ஒதுக்கமாக நடந்து போகிறாள் என்று தெரிந்தது. கதவு சாத்தும் சத்தம். பிறகு குரல் கிட்டத்தில் வந்தது.

“நீ சொல்லாட்டா என்ன? நான் சொல்லிட்டேம்லா.”

“என்ன சொன்ன?”

“போயிட்டு வா மக்கான்னு. நீ குனிஞ்சு இடுப்பத் தூக்குவல்லா, அப்ப சொல்லுவேன். நீ ஸ்கூல்ல ஓடுன நாள்லேருந்து ஒரு தடவகூட விட்டதில்ல. பிள்ள கெளம்பும்போது வீட்டுல இருக்கவ சொல்லணும்லா?” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு எந்த அட்டையக் குடுப்பான்னு அந்த மெஷினுகாரன்ட்ட கேளு.”